ஓனர் மாற்றியாச்சு என்று பச்சை டிக் வந்தது, ப்ரொசீஜர் மட்டும் பழைய ஆள் பெயரிலேயே நிற்கிறது (போஸ்ட்கிரெஸ் 15)

நடுநிசி_பேட்ச் கேட்டது:

வணக்கம். மொபைலிலிருந்து எழுதுகிறேன். கட்டளை, பிழைச் செய்தி எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே தட்டியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரோல், டேபிள் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் கணக்கு டேட்டாபேஸில் (போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது) இருக்கிற ஃபங்க்ஷன், ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைக்கும் நிரல்கள், பொதுப்பெயர் ரொட்டீன்) முழுவதையும் எழுதியவர் ஒரே ஆள். தன் சொந்த லாகினிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டார். போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த ரோலை (டேட்டாபேஸ் பயனர் பெயரை) 'பழையவர்' என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரில் இருந்தவை 61 ரொட்டீன்கள்: 52 ஃபங்க்ஷன், 9 ப்ரொசீஜர். எல்லாவற்றையும் 'கணக்கு_ஓனர்' என்ற லாகின் இல்லாத ரோலுக்கு மாற்றச் சொன்னார்கள்.

நாங்கள் வைத்திருக்கும் மேனேஜ்மென்ட் டூலில் 61 வரிகளையும் தேர்ந்தெடுத்து 'ஓனர் மாற்று' கொடுத்தேன். பட்டை ஓடி முடிந்தது, பச்சை டிக் வந்தது. நானும் வேலை முடிந்தது என்று மேலே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை, பழையவரைக் 'கணக்கு_குழு' ரோலிலிருந்து ரிவோக் செய்தேன் (நீக்கினேன்).

சனிக்கிழமை இரவு 1:10க்கு போன் அடித்தது. நாள் முடிப்பு பேட்ச் 'பெர்மிஷன் டினைட் ஃபார் டேபிள் பேரேடு' என்று விழுந்து கிடக்கிறது. அரைத் தூக்கத்தில் பார்த்ததில் முதலில் எதுவும் புரியவில்லை. பேட்ச் ரோலுக்கு எல்லா அனுமதியும் இருக்கிறதே! வேறு வழியில்லாமல் பழையவரைத் திரும்பக் குழுவில் சேர்த்தேன். பேட்ச் ஓடிவிட்டது. அப்போதுதான் உறைத்தது, ப்ரொசீஜர் இன்னும் அவர் பெயரில்தான் ஓடுகிறது என்று.

காலையில் 'ட்ராப் ரோல் பழையவர்' கொடுத்துப் பார்த்தேன், என்னதான் தொங்குகிறது என்று தெரியட்டுமே என. நிறையப் பொருள்கள் அவரைச் சார்ந்திருக்கின்றன என்று மறுத்தது. விவரத்தில் 'ஓனர் ஆஃப் ஃபங்க்ஷன் இரவு_வேலை.நாள்_முடிப்பு(டேட்)' என்று ஒன்பது வரிகள். ஆனால் டூலைத் திறந்தால் ஃபங்க்ஷன் பட்டியலில் அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை! ஒன்பதையும் மறுபடி தேர்ந்தெடுத்து ஓனர் மாற்றினால் மறுபடி அதே பச்சை டிக். கேட்டலாக் (டேட்டாபேஸ் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவேடு) கெட்டுவிட்டதா? இல்லை டூலின் கோளாறா?

ரீஅசைன் ஓன்ட் (ஒருவர் பெயரில் இருப்பதையெல்லாம் ஒரே கட்டளையில் இன்னொருவருக்கு மாற்றுவது) போட்டுவிடலாமே என்பீர்கள். போட முடியாமல் இருப்பதற்குக் காரணம், பழையவர் பெயரில் இருக்கும் சில அறிக்கை டேபிள்கள் 'அறிக்கை_ஓனர்' என்ற வேறு ரோலுக்குப் போக வேண்டும். எனக்கு சூப்பர்யூசர் (எல்லா அதிகாரமும் உள்ள ரோல்) கிடையாது.

---

வேர்வரை பதில்:

கேட்டலாக் கெடவில்லை, பயப்படாதீர்கள். டூல்தான். அது அனுப்பும் எஸ்கியூஎல்லை (டேட்டாபேஸ் கட்டளையை) பார்த்தீர்களா? லாக் பேனல் ஒன்று எங்கேயாவது மூடிக் கிடக்கும், திறந்து பாருங்கள். 'ஆல்டர் ஃபங்க்ஷன் இரவு_வேலை.நாள்_முடிப்பு(டேட்) ஓனர் டூ கணக்கு_ஓனர்' என்று போயிருக்கும், அதற்கு சர்வர் 'இஸ் நாட் எ ஃபங்க்ஷன்' என்று பதில் சொல்லியிருக்கும், டூல் அதை விழுங்கியிருக்கும். பந்தயம் கட்டுகிறேன்.

போஸ்ட்கிரெஸில் ப்ரொசீஜர் என்பதே 2018இல் பதிப்பு 11 வந்தபோதுதான் வந்தது. அதற்கு முன் எல்லாமே ஃபங்க்ஷன். பதிப்பு 11இல்தான் பிஜி_ப்ராக் கேட்டலாகில் ப்ரோகைண்ட் என்ற பத்தியும் வந்தது: எஃப் என்றால் ஃபங்க்ஷன், பி என்றால் ப்ரொசீஜர், ஏ என்றால் அக்ரிகேட், டபிள்யூ என்றால் விண்டோ. முன்பிருந்த ப்ரோஇஸ்ஆக் பத்தியை எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் பழைய டூலால் 11இல் நுழைந்தவர்களுக்கு 'காலம் ப்ரோஇஸ்ஆக் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்ற பிழை மனப்பாடமாகியிருக்கும். அதையாவது டூல்காரர்கள் கண்ணில் பட்டு ஒட்டுப் போட்டார்கள். பட்டியல் எடுக்கும் இடத்தைச் சரிசெய்தவர்கள், ஓனர் மாற்றும் இடத்தில் 'ஆல்டர் ஃபங்க்ஷன்' என்று கையால் எழுதி வைத்ததை மறந்திருப்பார்கள். இதுவரை நான் பார்த்த இந்த வகைக் கோளாறுகள் பெரும்பாலும் இப்படித்தான்.

இன்னொன்று. ட்ராப் ரோல் காட்டிய விவரத்தில் ப்ரொசீஜரையும் 'ஃபங்க்ஷன்' என்றே சொல்லியிருக்கிறது பாருங்கள். அது டூல் இல்லை, போஸ்ட்கிரெஸே அப்படித்தான். சார்ந்திருக்கும் பொருளை விவரிக்கிற இடத்தில் ரொட்டீன் எதுவானாலும் ஃபங்க்ஷன் என்றே அச்சிடும். உங்களைக் குழப்பியதில் அதற்கும் பங்கு உண்டு.

பி-எஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸின் கட்டளைவரி) திறந்து பின்சாய்கோடு டிஎஃப் பிளஸ் (ரொட்டீன் பட்டியல்) கொடுங்கள். டைப் பத்தியில் 'ப்ராக்' என்றும், ஓனர் பத்தியில் பழையவர் என்றும், செக்யூரிட்டி பத்தியில் 'டிஃபைனர்' என்றும் வரும். டிஃபைனர் என்பதால்தான் அழைத்த பேட்சின் அனுமதி எதுவும் எடுபடவில்லை. உள்ளே ஓடுவது ஓனரின் உரிமையில். ஓனரைக் குழுவிலிருந்து எடுத்தீர்கள், அவரோடு சேர்ந்து பேரேடும் போய்விட்டது.

கையால் செய்வதென்றால் 'ஆல்டர் ப்ரொசீஜர்' என்று எழுதுங்கள். எது ஃபங்க்ஷன், எது ப்ரொசீஜர் என்று பிரித்துப் பார்க்கச் சோம்பலாக இருந்தால் 'ஆல்டர் ரொட்டீன்'. அதுவும் 11இல் வந்ததுதான், இரண்டுக்கும் வேலை செய்யும். டிடிஎல்லை (அமைப்பை மாற்றும் கட்டளைகளை) பெரும்பாலும் டிரான்ஸாக்ஷனுக்குள் வைக்கலாம் என்பது போஸ்ட்கிரெஸில் இருக்கிற வசதி. பிகின் போட்டு மாற்றி, டிஎஃப் பிளஸில் பார்த்து, திருப்தி என்றால் கமிட் (உறுதிசெய்), இல்லையா ரோல்பேக் (பழையபடி ஆக்கு).

---

நடுநிசி_பேட்ச்:

பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். லாக் பேனல் திரையின் அடிப்பகுதியில் ஒரு கோடு மாதிரி சுருங்கிக் கிடந்தது. இழுத்துத் திறந்தால் ஒன்பது சிவப்பு வரிகள், ஒன்பதிலும் 'இஸ் நாட் எ ஃபங்க்ஷன்'. அதற்கு மேலேயே பச்சை டிக். ஒரு வாரமாக அந்த டூலைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன், ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, பி-எஸ்கியூஎல்லில் ஆல்டர் ப்ரொசீஜர் கொடுத்தேன். இப்போது 'பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா இரவு_வேலை'. நான் பழையவர், கணக்கு_ஓனர் இரண்டு ரோலிலும் உறுப்பினர்தான். இது எதற்கு?

---

வேர்வரை:

சூப்பர்யூசர் இல்லாதவர் மாற்றும்போது மூன்று விஷயம் பார்க்கும். பழைய ஓனரின் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும், புது ஓனர் ரோலில் நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும், புது ஓனருக்கு அந்த ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் பொருள்களைப் பிரித்து வைக்கும் அறை) கிரியேட் உரிமை இருக்க வேண்டும். மூன்றாவதை எல்லோரும் மறப்பார்கள். ஃபங்க்ஷன்கள் வேறு ஸ்கீமாவில் இருந்திருக்கும், அதனால் அங்கே தப்பித்தீர்கள்.

'கிராண்ட் கிரியேட் ஆன் ஸ்கீமா இரவு_வேலை டூ கணக்கு_ஓனர்' கொடுத்துவிட்டு மாற்றுங்கள். ஓனர் மாற்றும் கணத்தில் மட்டும்தான் அதைச் சோதிக்கும். வேண்டாமென்றால் பிறகு ரிவோக் செய்துகொள்ளலாம், ப்ரொசீஜர் பாட்டுக்கு ஓடும்.

---

இரண்டு_வண்டி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், பகலில் எஸ்கியூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ்), இரவில் போஸ்ட்கிரெஸ் பார்க்கிறவன் நான். அங்கே ப்ரொசீஜருக்கென்று தனி ஓனர் பெரும்பாலும் இருக்காது. சிஸ்.ஆப்ஜெக்ட்ஸில் ப்ரின்சிபல்_ஐடி காலியாக இருந்தால் ஸ்கீமாவின் ஓனரே ஓனர். ஆல்டர் ஆத்தரைசேஷன் போட்டுத் தனி ஓனர் கொடுத்தால் அந்த ப்ரொசீஜரில் கொடுத்திருந்த கிராண்ட் எல்லாம் துடைத்துப் போட்டதுபோல் போய்விடும். ஆவணத்தில் சொல்லியிருக்கிறார்கள்தான், ஆனால் யார் படிக்கிறார்கள்? நான் ஒருமுறை அப்படித் துடைத்துவிட்டு மறுநாள் முழுக்க கிராண்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதே பயத்தில் கேட்கிறேன், போஸ்ட்கிரெஸிலும் போய்விடுமா?

---

வேர்வரை:

போகாது. மற்றவர்களுக்குக் கொடுத்த எக்ஸிக்யூட் (ஓட்டும் உரிமை) அப்படியே இருக்கும். கொடுத்தவர் யார் என்ற இடத்தில் மட்டும் பழைய ஓனர் பெயர் போய்ப் புது ஓனர் பெயர் வரும். பழைய ஓனருக்கு ஓனர் என்ற முறையில் இருந்த உரிமை புது ஓனருக்குப் போய்விடும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைஎஸ்கியூஎல் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: அங்கே டிஃபைனரை மாற்றுகிற ஆல்டர் ப்ரொசீஜரே கிடையாது. ட்ராப் செய்து புது டிஃபைனரோடு மறுபடி உருவாக்க வேண்டியதுதான். யூசரை முதலில் நீக்கிவிட்டு பிழை 1449 (டிஃபைனராகச் சொன்ன யூசரே இல்லை) வாங்காதவர்கள் குறைவு. 8.0.22 முதல், டிஃபைனராக இருக்கும் யூசரை நீக்கப் போனால் சும்மா விடாது. உங்கள் உரிமையைப் பொறுத்து மறுக்கும் அல்லது எச்சரிக்கும்.

---

நடுநிசி_பேட்ச்:

கிராண்ட் கொடுத்தேன், வேலை செய்தது. ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் தட்டச் சோம்பல்பட்டு ஒரு சின்ன டூ பிளாக் (பெயரில்லாமல் ஒருமுறை ஓடும் நிரல்) எழுதினேன். பிஜி_ப்ராக்கில் ப்ரோகைண்ட் 'பி', ஓனர் பழையவர் என்று வடிகட்டி, ஒவ்வொரு ஓஐடியையும் (உள் அடையாள எண்) ரெக்ப்ரொசீஜர் (பெயரும் ஆர்கியுமென்ட் டைப்பும்) ஆக்கி, ஆல்டர் ப்ரொசீஜரோடு ஒட்டி எக்ஸிக்யூட். அதுவும் நின்றுவிட்டது: 'ப்ரொசீஜர் நேம் நாள்_முடிப்பு இஸ் நாட் யுனீக்'.

தனித்தனியாக ஓட்டிப் பார்த்தேன். எட்டு போய்விட்டன, ஒன்று நிற்கிறது. நாள்_முடிப்பு என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன என்பது உண்மைதான். ஒன்று (டேட், இன்டிஜர்), இன்னொன்று (டேட்). நான்தான் அடைப்புக்குறிக்குள் டைப்பை முழுசாகக் கொடுக்கிறேனே? (டேட்) கொடுத்தால் மாறுகிறது. (டேட், இன்டிஜர்) கொடுத்தால் யுனீக் இல்லையாம். ஒரு குறிப்பு வரிகூடச் சொல்லமாட்டேன் என்கிறது. இது போஸ்ட்கிரெஸின் பக்தானே?

---

வேர்வரை:

பக் மாதிரியே இருக்கும், ஆனால் பக் இல்லை. அந்த (டேட்) என்பதன் முழு உருவத்தைப் பார்த்தீர்களா? அதில் ஒரு அவுட் இன்டிஜர் (வெளியே திருப்பித் தரும் எண்) இருக்கிறதா என்று பாருங்கள்.

---

நடுநிசி_பேட்ச்:

இருக்கிறது! 'இன் நாள் டேட், அவுட் எண்ணிக்கை இன்டிஜர்'. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

---

வேர்வரை:

நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன்.

பதிப்பு 13 வரை ப்ரொசீஜரில் இன், இன்அவுட் உண்டு, தனி அவுட் கிடையாது. 2021இல் வந்த 14இல் அவுட்டும் வந்தது. அத்தோடு ஒரு சிக்கல். எஸ்கியூஎல் தரத்தின்படி ப்ரொசீஜரை அடையாளம் சொல்லும்போது அவுட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸின் பழைய வழக்கத்தில் உள்ளே போகும் ஆர்கியுமென்ட் மட்டும்தான் அடையாளம். இரண்டையும் ஏற்றுக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள்.

இப்போது நீங்கள் மொட்டையாக (டேட், இன்டிஜர்) என்கிறீர்கள். பழைய வழக்கப்படி பார்த்தால் அது இரண்டு இன் வைத்த முதல் ப்ரொசீஜர். தரத்தின்படி பார்த்தால் டேட் உள்ளே, இன்டிஜர் வெளியே என்ற இரண்டாவது ப்ரொசீஜரும் அதேதான். இரண்டு தேடலிலும் வேறு வேறு ஆள் கிடைத்தால் எதைத் தொடுவது? ஆகவே யுனீக் இல்லை என்று கையை விரித்துவிடுகிறது. வெறும் (டேட்) என்றால் இரண்டாவது ஒன்றுதான் பொருந்தும், அதனால் அது சத்தமில்லாமல் மாறியது.

தீர்வு ஒரே சொல். 'இன்' என்று வெளிப்படையாக எழுதுங்கள்: நாள்_முடிப்பு(இன் டேட், இன் இன்டிஜர்). குறி ஏதாவது இருந்தால் தரத்தின்படித் தேடுகிற இரண்டாவது தேடலே நடக்காது. டூ பிளாக்கில் ரெக்ப்ரொசீஜரை விட்டுவிட்டு, ஸ்கீமா பெயரும் ப்ரொசீஜர் பெயரும் சேர்த்து பிஜி_கெட்_ஃபங்க்ஷன்_ஐடென்டிட்டி_ஆர்கியுமென்ட்ஸ் வைத்துக் கட்டுங்கள். 14 முதல் அது ப்ரொசீஜருக்கு 'இன்' என்பதையும் எழுதியே தரும். இந்தக் குழப்பத்துக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். இரண்டும் ஒரே ஸ்கீமாவில் இருக்கும்போது 'கால்' (ப்ரொசீஜரை அழைக்கும்) கட்டளை இத்தனை நாள் எப்படிக் குழம்பாமல் ஓடியது?

---

நடுநிசி_பேட்ச்:

எல்லா இடத்திலும் ஆர்கியுமென்ட் பெயர் சொல்லித்தான் அழைத்திருக்கிறார் மனுஷர். ஒன்றில் 'தொகுதி', ஒன்றில் 'எண்ணிக்கை'. பெயர் வேறு என்பதால் தப்பித்திருக்கிறது போல. சொந்த லாகினில் எழுதினாரே என்று திட்டினேன், இந்த விஷயத்தில் ஒழுங்கான ஆள்தான்.

---

பூட்டு_சாவி:

ஓனர் கைமாற்றும்போது எல்லோரும் 'மாறியதா' என்று மட்டும் பார்க்கிறீர்கள். செக்யூரிட்டி டிஃபைனரில் ஓனர் மாறுவதென்றால், அந்த நிரல் ஓடும் அதிகாரமே மாறுகிறது. கணக்கு_ஓனருக்குப் பேரேட்டில் என்ன உரிமை என்று பார்த்தாயிற்றா? குறைவாக இருந்தால் இன்று இரவும் 1:10க்குப் போன் வரும். அவசரத்தில் சூப்பர்யூசர் யாரையாவது கேட்டு அவர் பெயருக்கே மாற்றிவிட்டால் போன் வராது, ஆனால் எக்ஸிக்யூட் உரிமை உள்ள எவரும் அந்த வாசலில் சூப்பர்யூசராக நுழைவார்கள். ரொட்டீன் உருவாக்கும்போதே எக்ஸிக்யூட் பப்ளிக்குக்கு (எல்லா ரோலுக்கும்) போய்விடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சர்ச்_பாத் (பெயர்களை எந்த ஸ்கீமாக்களில் தேடுவது என்ற வரிசை) கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். டிஃபைனர் ப்ரொசீஜரில் அதை 'செட்' போட்டுக் கட்டாமல் விடுவது திண்ணையில் சாவியை வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

---

நடுநிசி_பேட்ச்:

உரிமை பார்த்தேன், கணக்கு_ஓனருக்குக் குழு வழியாகப் பேரேடு கிடைக்கிறது. பப்ளிக்கிடமிருந்து எக்ஸிக்யூட்டை முன்பே ரிவோக் செய்து வைத்திருக்கிறார். சர்ச்_பாத் ஒன்பதில் மூன்றில் இல்லை. அந்த மூன்றும் உள்ளே கமிட் போடுகிறவை, டிஃபைனர் இல்லை. செட் போட்டுக் கட்டினால் கமிட் வேலை செய்யாது என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார், மேலே ஒரு வரி கமென்ட்டும் இருக்கிறது.

---

பூட்டு_சாவி:

அப்படியென்றால் சரிதான். டிஃபைனருக்குள்ளும் கமிட் ஆகாது, செட் இருந்தாலும் ஆகாது. விட்டுவிடுங்கள்.

---

நடுநிசி_பேட்ச்:

திங்கள் காலை நிலவரம். 'இன்' போட்டதும் ஒன்பதாவதும் மாறிவிட்டது. பழையவரைக் குழுவிலிருந்து மறுபடி ரிவோக் செய்தேன். ஞாயிறு இரவு 1:10க்குப் போன் வரவில்லை.

3:40க்கு வந்தது.

'பெர்மிஷன் டினைட் ஃபார் ப்ரொசீஜர் வட்டி_ஏற்று'. வேர்வரை நினைவில் வைக்கச் சொன்ன அந்தக் கடைசி வரி! பேட்ச் ரோலில் ஓடும் வேலைகள் எல்லாம் ஒழுங்காக ஓடின, கிராண்ட் எதுவும் போகவில்லை. ஆனால் ஷெட்யூலரில் ஒரே ஒரு வேலை பழையவர் லாகினிலேயே உள்ளே வருகிறது. ஆள் போய் ஒரு மாதமாகிறது, பாஸ்வேர்ட் மட்டும் தினமும் 3:40க்கு வேலைக்கு வந்து போயிருக்கிறது. ஓனர் என்பதால் இதுவரை உள்ளே விட்டது. ஓனர் மாறியதும் பப்ளிக்கும் இல்லாததால் வாசலிலேயே நின்றுவிட்டது. அந்த வேலையைப் பேட்ச் ரோலுக்கு மாற்றி, எக்ஸிக்யூட் கொடுத்து ஓட்டிவிட்டேன்.

டூல் செய்தவர்களுக்கும் எழுதியிருக்கிறேன், ஒன்பது சிவப்பு வரிகளும் அதற்கு மேலே பச்சை டிக்கும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி.

இப்போது ட்ராப் ரோல் கொடுத்தால் விவரத்தில் அறிக்கை டேபிள்களும், '1 ஆப்ஜெக்ட் இன் டேட்டாபேஸ் சோதனை' என்று ஒரு வரியும் வருகின்றன. அந்த டேட்டாபேஸை நான் இதுவரை திறந்ததே இல்லை.

---

வேர்வரை:

வேறு டேட்டாபேஸில் இருப்பதை எண்ணிக்கையாக மட்டும்தான் சொல்லும், பெயர் சொல்லாது. ரீஅசைனும் ட்ராப் ஓன்டும்கூட நீங்கள் நிற்கும் டேட்டாபேஸுக்குள் இருப்பதைத்தான் தொடும். அங்கே போய் இணைந்து, டிஎஃப் பிளஸும் டிடி பிளஸும் (டேபிள் பட்டியல்) கொடுத்து என்ன பொருள் என்று முதலில் பாருங்கள். அறிக்கை டேபிள்களை ஆல்டர் டேபிளில் நகர்த்திவிட்டால் மீதியை ரீஅசைனிடமே விடலாம். அது ஓஐடியை வைத்துப் போகிறது, பெயர்க் குழப்பமே வராது. ட்ராப் ஓன்டை மட்டும் கடைசியில் கொடுங்கள், மாறாமல் நிற்கும் பொருள் ஏதாவது இருந்தால் அது அதையும் சேர்த்து நீக்கிவிடும்.

---

நடுநிசி_பேட்ச்:

போய்ப் பார்த்தேன். 'சோதனை'யில் இருந்தது ஒரு ப்ரொசீஜர். பெயர் நாள்_முடிப்பு_2. பாதியில் நிற்கிறது, மீதியை எழுதாமல் ஒரு கமென்ட்டோடு முடித்திருக்கிறார். ரீஅசைன் கொடுத்துவிட்டேன்.